பள்ளங்கியின் இடது கைகள்

என் தங்கை எண்ணைச் சொல்வாள். நான் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டு எழுதுவேன். ஐம்பதுகளின் கடைசியில் ஒரு வருடத்துக்கும் மேலாக எனக்கு அதுதான் வேலை. அவள் நர்ஸ். நான் அவளுடைய எழுத்தர். எங்களுக்கு முன்னால் ஒரு கை நீளும். முழங்கைக்கு நாலு விரல் கீழே, உட்புறத்தில், அவள் ஆள்காட்டி விரலை வைத்து மெதுவாக நகர்த்துவாள். தடிப்பு தொடங்கும் இடத்தில் பேனாவால் ஒரு புள்ளி, முடியும் இடத்தில் ஒரு புள்ளி. இரண்டுக்கும் நடுவே, மில்லிமீட்டர் கோடு போட்ட, கண்ணாடி போன்ற சிறிய அளவுகோலை வைப்பாள்.

"ஏழு."

"ஏழு."

அடுத்த கை.

"பூஜ்யம்."

"பூஜ்யம்."

மலைக்கிராமங்களில் காசநோய் எவ்வளவு பரவியிருக்கிறது என்று பார்க்க, வெளிநாட்டு உதவியோடு ஓர் ஆய்வு நடந்தது. முதல் நாள் இடது கையில், தோலுக்குள், ஒரு துளி மருந்தை ஊசியால் ஏற்றுவார்கள். மூன்றாம் நாள் வந்து பார்ப்பார்கள். அந்த இடம் தடித்திருந்தால் நோய்க்கிருமி உடம்புக்குள் எப்போதோ நுழைந்திருக்கிறது. அவரை எக்ஸ்ரே எடுக்கக் கொடைக்கானலுக்கு அனுப்ப வேண்டும். தடிக்கவில்லை என்றால் கிருமி நுழையவில்லை. இனிமேலும் நுழையாமலிருக்க அவருக்குத் தடுப்பூசி போட வேண்டும். தடித்தவருக்குத் தடுப்பூசி கிடையாது. மொத்த ஆய்வும் இவ்வளவுதான். பின்னால் நடந்தவை எல்லாம் இந்தக் கணக்கிலிருந்துதான் வந்தன.

நான் அந்த வேலைக்குப் போனதற்குக் காரணம் எங்கள் அத்தா; அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். மதுரையில் ஒரு பத்திரிகையில் இரண்டு வருடம் புரூப் பார்த்துவிட்டு, வயிறு கெட்டு ஊருக்குத் திரும்பியிருந்தேன். அதே பத்திரிகைக்குக் கொடைக்கானல் நிருபர் என்று பெயர். மண் சரிந்து பஸ் நின்றால் எழுதுவேன். ஏரியில் படகுப் போட்டி நடந்தால் எழுதுவேன். மற்ற நாட்களில் எழுத எதுவும் இருக்காது. தங்கை மலைக்குக் கீழே ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ் படிப்பு முடித்து வந்தாள். அம்மா அதே ஆஸ்பத்திரியில் இரண்டு மாதம் படுத்திருந்தபோது நர்ஸுகள் பார்த்துக்கொண்ட விதத்தைக் கண்டுதான் அத்தா அந்தப் படிப்புக்குச் சம்மதித்தார். ஆனால் ஆய்வில் சேருகிறேன் என்று அவள் சொன்னதும், "ஊர் ஊரா ஜீப்புல தனியாப் போற சோலி வேணாம். அண்ணன் கூடப் போனாப் போகட்டும்" என்றார். ஆய்வை நடத்திய டாக்டரம்மா நார்வேக்காரர். இந்த நிபந்தனையைக் கேட்டு அவர் கோபப்படவில்லை. என் கையெழுத்தை ஒரு தாளில் எழுதிக் காட்டச் சொன்னார். புரூப் பார்த்தவன் என்பதும் அவருக்குப் பிடித்துவிட்டது. எண்ணைத் தப்பாக எழுதமாட்டேன் அல்லவா?

அத்தாவுக்குக் கொடைக்கானல் பஜாரில் பூண்டு மண்டி. முன்னால் மண்டி, பின்னால் வீடு, இரண்டுக்கும் ஒரே கூரை. பள்ளங்கியிலிருந்தும் வில்பட்டியிலிருந்தும் குதிரைகளில் ஏறிவரும் பூண்டுக் கட்டுகள் எங்கள் வீட்டு விட்டத்தில்கூடத் தொங்கும். அத்தா தன் தொழிலில் ஒரு வழக்கம் வைத்திருந்தார். அவர் மண்டியிலிருந்து கீழே போன சரக்கில் குற்றம் என்று யாராவது சொல்லிவிட்டால், ஏன் எதற்கு என்று கேட்கமாட்டார். மாற்றுச் சரக்கு அடுத்த லாரியில் போய்விடும். சந்தையில் அவர் பெயர் நின்றது அதனால்தான்.

ஆய்வில் இரண்டு நர்ஸுகள். ஒருத்தி என் தங்கை. இன்னொருத்தி திருநெல்வேலிப் பக்கத்துப் பெண், என் தங்கையைவிட இரண்டு வயது மூத்தவள். பெருமாள்மலை, வடகவுஞ்சிப் பக்கம் அவளுக்கு. வில்பட்டி, பள்ளங்கிப் பக்கம் எங்களுக்கு. பாதி ஆய்வு முடிந்த சமயத்தில் ஒரு கடிதம் வந்தது. இருவரில் ஒருத்தியை ஒரு வருடப் படிப்புக்கு இங்கிலாந்துக்கு அனுப்பலாம். படுக்கைக்குப் பக்கத்தில் நிற்கிற நர்ஸ் வேலைக்கான படிப்பு அல்ல அது. ஓர் ஊருக்கு என்ன நோய் என்று கண்டுபிடிப்பது, அதைத் தடுக்கத் திட்டம் போடுவது, மற்ற நர்ஸுகளுக்குப் பயிற்சி தருவது ஆகியவற்றுக்கான படிப்பு. முடித்தால் உலகத்தில் எந்த நாட்டு ஆய்விலும் வேலை செய்யலாம். யாரை அனுப்புவது என்பதை டாக்டரம்மா அவரவர் கிராமப் புத்தகத்தைப் பார்த்து முடிவு செய்வார். கிராமங்கள் முடிகிற மாதத்தின் கடைசிச் சனிக்கிழமைத் தபாலில் பெயரை அனுப்பியாக வேண்டும்.

தங்கை இதை வீட்டில் சொன்னபோது அத்தா தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அந்தம்மா ஒன் பேரச் சொன்னாப் போயிட்டு வா. நான் குறுக்க நிக்கல."

"நெசமாவா அத்தா?"

"சொல்லலேன்னா, நோம்புப் பெருநா கழிச்சு உத்தமபாளையத்துச் சம்பந்தத்தப் பேசி முடிச்சிருவோம். அதுக்கப்புறம் சீமைப் பேச்சு எடுக்கக் கூடாது. ஒரு தடவதான்."

அத்தா வாயிலிருந்து ஒரு தடவை என்று வந்தால் அது ஒரு தடவைதான். அன்றிலிருந்து தங்கை ஒவ்வொரு கையிலும் விரலை இரண்டு முறை ஓட்டினாள்.

பள்ளங்கிதான் எங்கள் கடைசிக் கிராமம். ஜீப் ஒரு வளைவு வரைதான் போகும். அங்கிருந்து படிப்படியாக வெட்டிய தோட்டங்களின் ஓரமாக ஒரு மைல் இறங்க வேண்டும். நாங்கள் போனது பூண்டு பிடுங்கி முடித்த சமயம். எல்லா வீட்டிலும் அடுப்புப் புகை படுகிற இடத்தில் கட்டுகள் தொங்கின. மற்ற ஊர்களில் எங்களை ஊசிக்காரர்கள் என்றார்கள். இங்கே நாங்கள் மண்டிக்கார ராவுத்தர் வீட்டுப் பிள்ளைகள். ஒரே அறையுள்ள பள்ளிக்கூடத்தில் மேசை போட்டோம். முதலில் கையை நீட்டியவள் ஊரின் மேல் வரிசையில் குடியிருந்த ஒரு விவசாயப் பெண். மேட்டுவீட்டுக்காரம்மா என்று எல்லாரும் சொல்வார்கள். நாற்பத்தைந்து வயது இருக்கும். புருஷன் இறந்த பிறகு தோட்டத்தைத் தானே நடத்தினாள். அவள் பேசினால் அடுத்த மலையில் கேட்கும்.

"ஏலே, ஏன் பின்னால பதுங்குறீக? ராவுத்தர் மகதான, புலியா வந்துருக்கு? வெரசா வாங்க."

"அக்கா, கைய ஆட்டாதீங்க."

"ஆட்டல தாயி. அது சரி, நீ சீமைக்குப் போறியாமுல்ல, இந்தச் சோலி நல்லபடியா முடிஞ்சா?"

தங்கை என்னைப் பார்த்தாள். நான் சொல்லவில்லை என்று தலையாட்டினேன். மேலே ஜீப்போடு நின்ற டிரைவர்தான் சொல்லியிருக்க வேண்டும். அவர் மெட்ராஸ்காரர். கொடைக்கானல் குளிரில் அவருக்குப் பேச்சு மட்டும்தான் கதகதப்பு.

"முடிஞ்சாப் பாப்போம் அக்கா."

"இது எழும்புமா?" மேட்டுவீட்டுக்காரம்மா ஊசி போட்ட இடத்தைக் காட்டினாள்.

"சிலருக்கு எழும்பும், சிலருக்கு எழும்பாது. சொறியாதீங்க, தேய்க்காதீங்க. மூணாம் நாள் வெள்ளனே வந்து பாக்குறேன்."

அவள் பின்னால் நீண்ட வரிசை நின்றது. தங்கை அடுத்த கையைப் பிடித்தாள். ஊசி போடுவது அன்றே முடிந்தது.

மூன்றாம் நாள் காலை முதல் கையிலேயே தங்கை நின்றுவிட்டாள். நன்றாகச் சிவந்து தடித்திருந்தது. இரண்டாவது கையும் அப்படியே. மூன்றாவதும். "பதினாறு" என்றாள்; "பதினாறு" என்றேன். "பதினெட்டு." "பதினெட்டு." வில்பட்டியில் வரிசை வரிசையாகப் பூஜ்யம் எழுதிய கை எனக்கு. இங்கே ஒரு பக்கம் முழுக்க எழுதியும் பூஜ்யமே வரவில்லை. நாலு வயதுக் குழந்தையின் கைகூடத் தடித்திருந்தது. குழந்தைக்குத் தடித்தால் அந்த வீட்டில் இருமுகிற யாரோ இருக்கிறார்கள் என்று அர்த்தம். தங்கையின் முகம் வெளுத்துக்கொண்டே போனது. ஊரோ ஒரே கொண்டாட்டமாக இருந்தது. கையைக் காட்டியவர்கள் சிரித்துக்கொண்டே வெளியே போய், திண்டில் உட்கார்ந்திருந்தவர்களிடம் எதையோ சொல்லிச் சிரித்தார்கள்.

நடுவில் ஒருமுறை அவள் தணிந்த குரலில் சொன்னாள்: "அண்ணே, ஓரம் வெரலுக்குச் சரியாச் சிக்கல. தோல் மினுமினுன்னு கெடக்கு."

"எழுதவா?"

"குறிப்புல எழுது."

எழுதினேன். எனக்கும் ஏதோ இடறியது. எண்கள் ஒன்றுக்கொன்று மிகவும் நெருக்கமாக இருந்தன. அச்சுக் கோத்தவர் ஒரே வரியை இரண்டு தரம் கோத்துவிட்டால் புரூப் பார்ப்பவனுக்குக் கண்ணில் உறுத்துமே, அப்படி. ஆனால் அப்போது நான் புரூப் பார்ப்பவனாக இல்லை. நிருபனாகிவிட்டிருந்தேன். ஒரு மலைக்கிராமமே காசநோயில் கிடக்கிறது என்ற செய்தி என் கையில் இருந்தது. தலைப்பைக்கூட மனதில் போட்டுவிட்டேன். படகுப் போட்டி எழுதியவனுக்கு இது எவ்வளவு பெரியது என்பதை மறைக்க விரும்பவில்லை.

மதியத்துக்குள் முடித்துவிட்டு மேலே ஏறினோம். வளைவில் டிரைவர் ஒரு வாளித் தண்ணீரோடு ஜீப்பின் கதவைத் தேய்த்துக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் இரண்டடி பின்னால் நகர்ந்தார்.

"இன்னா சார், ரெண்டு பேரும் பூண்டு மூட்டைல பொரண்டுகினு வர்றீங்களா? குப்புனு அடிக்குது."

"பூண்டு ஊரு. அப்படித்தான் இருக்கும்" என்றேன்.

"ஊரு வாசன தெரியாதா எனக்கு? முந்தாநேத்து ஊசி போட்டுட்டு வந்தீங்களே, அன்னிக்கு இல்லியே. இது நசுக்கின பூண்டு சார். சிஸ்டர் கையிலேர்ந்துதான் வருது."

தங்கை தன் விரல்களை முகர்ந்தாள். "எனக்கு ஒண்ணும் தெரியலையே." என்னிடம் கையை நீட்டினாள். முகர்ந்தேன். எனக்கும் ஒன்றும் தெரியவில்லை. டிரைவரிடம் நீட்டினாள். அவர் குனிந்து, முகத்தைச் சுளித்து, நிமிர்ந்தார்.

"ரெண்டு பேருக்கும் மூக்கு இல்லியா சிஸ்டர்?"

பூண்டு மண்டிக்குள் பிறந்து வளர்ந்த இருவர். நாங்கள் குடித்த பாலிலும் உடுத்திய துணியிலும் இருந்த வாசனை அது. மற்றவர்களுக்குக் காற்று எப்படியோ எங்களுக்குப் பூண்டு அப்படி. அன்று காலை முழுவதும் நூற்றுக்கு மேற்பட்ட பூண்டு பூசிய கைகளை முகத்துக்கு அரை முழத்தில் பிடித்துப் பார்த்திருக்கிறோம். வாசனை என்று ஒன்று இருந்ததே தெரியவில்லை. கண்ணால் பார்த்ததைக் குறித்தோம், விரலால் தொட்டதைக் குறித்தோம். அதற்கு மேல் வேண்டிய மூக்கு அந்த மெட்ராஸ்காரரிடம் இருந்தது.

தங்கை கீழே பள்ளங்கியைப் பார்த்தாள். பிறகு திரும்பி இறங்கத் தொடங்கினாள். நானும் பின்னால் போனேன்.

மேட்டுவீட்டுக்காரம்மா வாசலில் பூண்டுத் தாளைச் சீவிக்கொண்டிருந்தாள்.

"என்ன தாயி திரும்பிட்ட? எதையும் விட்டுட்டுப் போயிட்டியா?"

"அக்கா, ஊசி போட்ட எடத்துல என்ன வச்சீங்க?"

"பூண்டுதான். பின்ன சந்தனமா பூசுவாக?"

"எல்லாருமா?"

"நாந்தான வீடு வீடாப் போயிச் சொன்னேன்." அவள் அரிவாளைக் கீழே வைத்தாள். "நேத்துச் சாயங்காலம் பாக்குறேன், என் கையி மொழுக்குன்னு கெடக்கு. பக்கத்து வீட்டுக் கையும் மொழுக்குன்னு கெடக்கு. பக்குனு ஆயிருச்சு. அம்மை குத்துறவரு வந்தா எழும்பணும்ல? எழும்பலேன்னா குத்துனது தப்புன்னு மறுக்கா வருவாரு, அவருக்கு மேலேருந்து ஏச்சு விழும். ஒனக்கு அப்பிடி ஆகலாமா? சீமைக்குப் போற புள்ள! அதான் ஆளுக்கு ரெண்டு பல்லு நசுக்கி, எல வச்சுக் கட்டச் சொல்லிட்டேன். காலைல தொடச்சிட்டு வரச் சொன்னேன்."

பக்கத்து வாசலிலிருந்து ஒரு கிழவர் கையைத் தூக்கிக் காட்டினார். "எனக்கு மூணு பல்லு வச்சிட்டா இவ. எரிச்சல்ல தூக்கமில்ல. ராவுத்தர் மகளுக்காகப் பொறுத்துக்கிட்டேன்."

"மூணு வச்சாத்தான ஒம்ம தோல்ல ஏறும்!" என்றாள் அவள். ஊர் சிரித்தது.

தங்கை கோபப்படவில்லை. அவர்கள் செய்த தப்பு அம்மை குத்துதலை நன்றாக அறிந்தவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. அவள் வாசலிலேயே உட்கார்ந்து, பூண்டு வைக்காதவர்கள் யார் என்று கேட்டாள். மூன்று வீடு தேறியது. மற்றவர்களின் கையில் மருந்து எழுப்பியது எவ்வளவு, பூண்டு எழுப்பியது எவ்வளவு என்று இனிமேல் யாராலும் பிரிக்க முடியாது.

மறுபடியும் மேலே ஏறும்போது நான்தான் பேச்சை எடுத்தேன்.

"புத்தகத்துல மையில எழுதியாச்சு. சனிக்கிழம லெட்டர் போகுது. போனதுக்கப்புறம் சொன்னா என்ன?"

"அப்புறம்னா எப்ப?"

"ரெண்டு வாரம் கழிச்சு."

அவள் நின்றாள். "தடிச்சவுகளுக்குத் தடுப்பூசி போட மாட்டோம் அண்ணே. இந்த ஊருல ஒரு புள்ளைக்கும் போட மாட்டோம். ரெண்டு வாரத்துல தடுப்பூசி வண்டி வந்து, புத்தகத்தப் பாத்துட்டு, இவுகளத் தாண்டிப் போயிரும்." பிறகு கேட்டாள்: "நீ புரூப்புல தப்பு இருக்குன்னு தெரிஞ்சே அச்சுக்கு விடுவியா?"

"விட்டிருக்கேன். நேரமாச்சுன்னா விட்டுத்தான் ஆகணும்."

"மறுநாள்?"

"திருத்தம் போடுவோம். நாலாம் பக்கம், ரெண்டு வரி."

"எனக்கு நாலாம் பக்கம் கெடையாது" என்றாள்.

அன்று மாலையே டாக்டரம்மாவிடம் போனோம். தங்கை ஆங்கிலத்தில் நடந்ததைச் சொன்னாள். ஊர் ஏன் அப்படிச் செய்தது என்பதையும் விடாமல் சொன்னாள். பிறகு புத்தகத்தைத் திறந்து பள்ளங்கியின் பக்கங்களில் குறுக்கே சிவப்புக் கோடு போட்டு, கீழே கையெழுத்திட்டாள். டாக்டரம்மா புத்தகத்தை எடுத்து முகர்ந்தார். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடனே அடக்கிக்கொண்டார். பள்ளங்கியை மறுபடி பார்க்க வேண்டும், இந்தக் கைகள் ஆறி அடங்கச் சில வாரங்கள் ஆகும் என்றார். அதற்குள் சனிக்கிழமை போய்விடும். இன்னொரு நர்ஸின் புத்தகம் முழுமையாக இருக்கிறது, அவள் பெயரை அனுப்புவதுதான் நியாயம் என்று நேராகச் சொன்னார். தங்கை "ஆமாம் டாக்டர்" என்றாள். வெளியே வந்து, ஏரிக்கரையில் பாதி தூரம் நடந்த பிறகுதான் முகத்தைத் துடைத்தாள்.

நான் மனதில் போட்டு வைத்திருந்த தலைப்பை யாரிடமும் சொல்லவில்லை. அது அச்சில் வந்திருந்தால் பள்ளங்கியில் யாரும் பெண் எடுத்திருக்கமாட்டார்கள்.

திருநெல்வேலிப் பெண் புறப்படுவதற்கு முன் எங்கள் வீட்டுக்கு வந்தாள். அம்மா இருவருக்கும் டீ கொடுத்தாள். பிறகு தங்கை எழுந்துபோய்த் தன் கனத்த கம்பளிக் கோட்டைக் கொண்டுவந்து, "ஒங்க ஊர் வெயிலுக்கு இது இருந்திருக்காது. எடுத்துக்கிட்டுப் போங்க" என்றாள். அது அவளுக்குத் தோளில் சற்று இறுக்கமாக இருந்தது. ஆனாலும் போட்டுக்கொண்டேதான் பஸ் ஏறினாள்.

அத்தா எதுவும் கேட்கவில்லை. "சரி" என்றார். உத்தமபாளையத்துக்கு எழுதச் சொல்லி என்னிடம் ஒரு கார்டைக் கொடுத்தார். நான் அதை எழுதாமல் இரண்டு நாள் சட்டைப்பையில் வைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை, சந்தை நாள், மேட்டுவீட்டுக்காரம்மா குதிரையில் கட்டுகளை ஏற்றிக்கொண்டு மண்டி வாசலில் வந்து நின்றாள். செய்தி அவளுக்கு எட்டியிருந்தது. அன்று அவள் குரல் பக்கத்துக் கடைக்குக்கூடக் கேட்கவில்லை.

"ராவுத்தரே, ஒங்க மகளோட சோலியக் கெடுத்தது நாந்தான். அவளத் திட்டாதீங்க."

அத்தாவுக்கு முழுக் கதையும் அப்போதுதான் தெரிந்தது. தங்கை வீட்டில் "புத்தகம் சரியா வரல" என்பதோடு நிறுத்தியிருந்தாள். அவர் குதிரையில் இருந்த கட்டு ஒன்றிலிருந்து ஒரு பூண்டை உருவி, ஒரு பல்லை உரித்தார்.

"எந்தப் பூண்டு வச்சீக?"

"இதுதாங்க. ஒங்க மண்டிக்குன்னு கட்டித் தொங்கவிட்டிருந்தமே, அதுலருந்து பிச்சது."

"காரம் ஏறியிருந்துச்சா?"

"ஏறியிருந்துச்சாவா? கெழவருக்குக் கொப்புளமே வந்துருச்சுங்க."

"ம். நல்ல சரக்குதான்." அத்தா பல்லை வாயில் போட்டு மென்றார். பிறகு உட்பக்கம் திரும்பிக் கூப்பிட்டார். தங்கை வாசல் நிலையில் வந்து நின்றாள்.

"ரெண்டு பேரும் பூண்டு மண்டில வளந்துட்டு, பூண்டு வாசம் தெரியலேன்னா வந்தீக?"

"தெரியல அத்தா."

"அப்ப அது ஒன் தப்பு இல்ல. என் மண்டிக்குன்னு கட்டுன சரக்கு, குத்தம் அதுல." அவர் மேட்டுவீட்டுக்காரம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தராசைப் பார்த்தார். "என் சரக்குல குத்தம்னா நான் என்ன செய்வேன்? மாத்திக் குடுப்பேன். இன்னொரு தடவ வரும்போது போ."

"அத்தா, கார்டு?" என்றேன்.

"என்ன கார்டு?"

உத்தமபாளையத்துக்காரர்கள் காத்திருக்கவில்லை. அதே வருடம் கம்பத்தில் பெண் எடுத்தார்கள். நன்றாகவே இருக்கிறார்கள் என்று கேள்வி.

சில வாரங்களுக்குப் பிறகு மறுபடி பள்ளங்கிக்குப் போனோம். இந்த முறை வலது கை. ஊசி போடுவதற்கு முன் தங்கை எல்லாரையும் பள்ளிக்கூடத்தின் முன்னால் உட்கார வைத்து, எழும்பினால் என்ன, எழும்பாவிட்டால் என்ன என்று ஒரு மணி நேரம் பேசினாள். மூன்றாம் நாள் டிரைவரையும் கீழே கூட்டிவந்தோம். மேசைக்கு இந்தப் பக்கம் அவருக்கு ஒரு முக்காலி. ஒவ்வொரு கையும் முதலில் அவர் மூக்குக்குப் போகும். அவர் தலையசைத்தால்தான் தங்கை விரலை வைப்பாள். புத்தகத்தில் அதற்காகப் புதிதாக ஒரு பத்தி கோடு போட்டு வைத்திருந்தேன்.

"எங்க வீட்ல கூட இவ்ளோ மரியாத இல்ல சார்" என்றார் டிரைவர்.

"மோந்து பாத்துட்டுக் கடிச்சிராதீரு" என்றாள் மேட்டுவீட்டுக்காரம்மா, கையை நீட்டியபடி.

தங்கை விரலை ஓட்டினாள். "பூஜ்யம்."

"ஒண்ணுமே இல்லியா?" அவள் முகம் விழுந்துவிட்டது.

"ஒண்ணுமில்லேன்னாத்தான் நல்லது அக்கா. அன்னைக்குச் சொன்னேன்ல."

"மொத தடவையே இதச் சொல்றதுக்கு என்ன கேடு? வாயில பூண்டா வச்சிருந்த?"

தங்கை சிரித்தாள். பிறகு என்னிடம், "அண்ணே, இத எழுதிக்க" என்றாள். எந்தப் பத்தியில் எழுதுவது என்று கேட்டேன். குறிப்பில், என்றாள்.

ஊர் நன்றாகவே இருந்தது. பக்கம் பக்கமாகப் பூஜ்யம் எழுதினேன். என் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாக வேறெதையும் எழுதியதில்லை. தடித்த சிலரை எக்ஸ்ரேக்கு அனுப்பினோம். அவர்களில் இருவருக்கு மருந்து தொடங்கினார்கள். அடுத்த விளைச்சலுக்கு இருவரும் தோட்டத்தில் நின்றார்கள். எங்களுக்காகக் காத்திருந்த தடுப்பூசி வண்டி பள்ளங்கியைத் தாண்டிப் போகவில்லை.

அடுத்த வருடம் மறுபடி கடிதம் வந்தபோது டாக்டரம்மா என் தங்கையின் பெயரை அனுப்பினார். சிபாரிசில் என்ன எழுதினார் என்று எங்களுக்குத் தெரியாது. ஆனால் அவர் புத்தகத்தைக் கேட்டு வாங்கி, சிவப்புக் கோடு போட்ட பக்கங்களையும் சேர்த்து நகல் எடுக்கச் சொன்னார். அந்த நகலை எடுத்தவன் நான்தான்.

இங்கிலாந்திலிருந்து மாதம் ஒரு கடிதம் வரும். அத்தாவுக்கு நான் வாசித்துக் காட்டுவேன். அவள் வகுப்பில் பல நாட்டு நர்ஸுகள். தாங்கள் வேலை செய்த இடத்தில் கெட்டுப்போன ஒரு வேலையைப் பற்றி ஒவ்வொருவரும் பேச வேண்டும் என்றார்களாம். இவள் பள்ளங்கியைப் பற்றிப் பேசினாள். கானாவிலிருந்து வந்த ஒரு நர்ஸ் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, தங்கள் ஊரில் வீக்கத்துக்கு என்ன பூசுவார்கள் என்று சொன்னாளாம். அந்தப் பச்சிலையின் பெயரைத் தங்கை எழுதியிருந்தாள். எனக்குத்தான் வாசிக்க வரவில்லை. பின்னாளில் அவள் பல நாடுகளில் வேலை செய்தாள், நிறைய நர்ஸுகளுக்குப் பயிற்சி கொடுத்தாள். எந்த ஊருக்குப் போனாலும், பையைத் திறப்பதற்கு முன் அவள் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: உங்கள் ஊரில் வீங்கினால் என்ன வைப்பீர்கள்? கூடவே, உள்ளூர்க்காரர் அல்லாத ஒருவரையும் அவள் கூட்டிப்போவாள்.

ஆனால் நான் சொல்ல வந்தது அவள் முதல் முறை திரும்பி வந்த நாளைப் பற்றித்தான். கோடை ரோட்டில் ரயில் இறங்கி, பஸ்ஸில் மலையேறி, மதியம் பஜாருக்கு வந்து சேர்ந்தாள். திருநெல்வேலிப் பெண் தோள் தளர்த்தித் தைத்துத் திருப்பிக் கொடுத்த அதே கம்பளிக் கோட்டு. மண்டி வாசலில் பாதி பஜார் நின்றது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, வீட்டுக்குள் ஒரு காலை வைத்தவள், அப்படியே நின்றுவிட்டாள். மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"அண்ணே! வீடு பூராப் பூண்டு!"

அம்மா பதறிப்போய் அடுப்பங்கரைப் பக்கம் பார்த்தாள். நான் மூச்சை நன்றாக இழுத்துப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. அத்தா விட்டத்தில் தொங்கிய கட்டுகளை அண்ணாந்து பார்த்து, இரண்டு முறை முகர்ந்தார். அவருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

"சரிதான்," என்றார் அத்தா, எல்லாருக்கும் கேட்கும்படி. "நெசமாவே படிச்சுட்டுத்தான் வந்திருக்கா."